கட்டுமான வழக்குகளுக்கு வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு எம்-புக் படிக்கத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசுத் துறைகளின் ஒப்பந்தங்களில் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) ஷரத்தை வழக்கமாகச் சேர்க்கக் கூடாது, ரூ.10 கோடிக்குக் குறைந்த தகராறுகளோடு அதை நிறுத்திக்கொள்ளலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஜூன் 3-ஆம் தேதி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்கு மேற்பட்ட தகராறுகள் சமரசப் பேச்சுக்கும், அது பலிக்காவிட்டால் நீதிமன்றத்துக்கும் போகும். பாலம், சாலை, குடிநீர்த் திட்டம் சார்ந்த பெரிய வழக்குகள் இனி வணிக நீதிமன்றங்களுக்குக் கூடுதலாக வரும் என்று எதிர்பார்த்து, இளம் வழக்கறிஞர்கள் பலர் இத்துறையில் இறங்க விரும்புகிறார்கள். நல்ல விருப்பம்தான். ஆனால் இவ்வழக்குகளில் வாதத் திறமையைவிட அதிகம் பேசுவது, வேலை நடந்தபோதே சைட்டில் எழுதிவைத்த காகிதங்கள். அவற்றைப் படிக்க நம் சட்டக் கல்லூரிகள் போதுமான அளவு கற்றுத்தருவதில்லை என்பதே எங்கள் ஆதங்கம்.

எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். எந்தத் தேதியில் அளந்தார்கள், நீளம், அகலம், உயரம் என்ன, பொறியாளர் கையெழுத்து இருக்கிறதா, ஒப்பந்ததாரர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். அதிலுள்ள அளவை பார்ட் பில்லோடும் (வேலை நடக்கும்போதே அவ்வப்போது போடும் பகுதி பில்), பில்லை ஒப்பந்த அளவுப் பட்டியலோடும் ஒப்பிட்டால்தான் எது கூடுதல் அளவு, எது ஒப்பந்தத்திலேயே இல்லாத புதிய வேலை என்று பிரியும். இரண்டுக்கும் விலை நிர்ணயிக்கும் முறை பல ஒப்பந்தங்களில் வேறு வேறு. இதைப் பிரிக்காமல் 'கூடுதல் வேலைக்குப் பாக்கி' என்று ஒரே தொகையாகக் கேட்டால், எதிர்த்தரப்பு முதல் நாளே அதை உடைத்துவிடும். வாய்மொழியாகச் சொல்லிச் செய்யவைத்த வேலைக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு கைகொடுக்கலாம். அதற்கும் அந்த வேலை நடந்தது, அதன் பலனை எதிர்த்தரப்பு அனுபவித்தது என்ற இரண்டையும் நிரூபிக்க அதே புத்தகத்தைத்தான் நாட வேண்டும்.

தாமதம்தான் இத்துறையின் மையம். நிலம் ஒப்படைக்க நான்கு மாதம் தாமதமானது என்பதாலேயே வேலை நான்கு மாதம் தள்ளிப்போனது என்று ஆகிவிடாது. தடைபட்ட பகுதி, முழு வேலையும் முடியும் தேதியைத் தீர்மானிக்கும் வரிசையில் இருந்ததா, அல்லது அது நின்றபோது ஒப்பந்ததாரர் வேறு பகுதியில் வேலையைத் தொடர முடிந்ததா என்று பார்க்க வேண்டும். அதே மாதங்களில் ஒப்பந்ததாரரிடம் போதிய ஆட்களும் கம்பியும் இல்லாமல் இருந்திருந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். தடைப் பதிவேட்டில் ஒவ்வொரு தடையும் தொடங்கிய நாள், நீங்கிய நாள், ஒன்றின் மேல் ஒன்று விழும் நாட்களின் கழிவு, இரு தரப்புக் கையெழுத்து என எல்லாம் இருக்க வேண்டும். பதிவேடு துறையின் கையில் இருந்து, அதில் பதிய மறுத்தால், அன்றே கடிதம் எழுதி ஒப்புகை வாங்கிவைக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து எழுதும் கடிதத்தை எந்த நடுவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒப்பந்தச் சட்டம் 55-ஆவது பிரிவின் கடைசிப் பத்தியை ஜூனியர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். காலம் முக்கியம் என்றிருந்த ஒப்பந்தத்தில், தாமதமான நிறைவேற்றத்தை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும்போதே நஷ்டஈடு கேட்கப்போவதாக நோட்டீஸ் கொடுக்காவிட்டால் பின்னால் கேட்க முடியாது. கால நீட்டிப்புக் கடிதத்தில் 'அபராதம் விதிக்கும் உரிமைக்குப் பாதகமின்றி' என்று துறை எழுதுவது இதற்காகத்தான். ஒப்பந்ததாரரோ நீட்டிப்பு கிடைத்தால் போதுமென்று 'இதற்காகக் கூடுதல் தொகை கோரமாட்டேன்' என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார். வழக்கறிஞர் அந்த இடத்தில் அருகில் இருந்திருக்க வேண்டும், பெரும்பாலும் இருப்பதில்லை. சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் 1999 ஒப்பந்தப் படிவத்தின் 20.1 ஷரத்து, கோரிக்கை நோட்டீஸுக்கு 28 நாட்கள்தான் தருகிறது. காலக்கெடு தாண்டினால் உரிமையே அழியும் என்கிற ஷரத்து 1997 திருத்தத்துக்குப் பின் ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி செல்லாது என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தை நம்பி நோட்டீஸ் அனுப்பாமல் இருப்பது தேவையில்லாத ஆபத்து.

பணக் கணக்குக்கு வருவோம். ரூ.12 கோடி ஒப்பந்தம், 24 மாதம், தலைமை அலுவலகச் செலவும் லாபமும் சேர்த்து 10 சதவீதம், தாமதம் 8 மாதம் என்றால், தாமத இழப்பைக் கணக்கிடும் ஹட்சன் சூத்திரப்படி மாத ஒப்பந்த மதிப்பு ரூ.50 லட்சம், அதில் 10 சதவீதம் ரூ.5 லட்சம், எட்டு மாதத்துக்கு ரூ.40 லட்சம். மெக்டெர்மாட் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய சூத்திரங்களை ஏற்றது உண்மை. ஆனால் 2023-இல் யூனிப்ரோஸ் வழக்கில், சூத்திரத்தை மட்டும் காட்டி இழந்த லாபத்தைப் பெற முடியாது, நம்பத்தகுந்த சான்று வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. அந்த மாதங்களில் எந்த டெண்டரில் கலந்துகொள்ள முடியாமல் போனது, வேறு எந்த வேலையை விட நேர்ந்தது, தணிக்கை செய்த கணக்கு என்ன காட்டுகிறது என்பதையெல்லாம் ஆவணமாக வைக்க வேண்டும். சும்மா நின்ற இயந்திரத்துக்கு வாடகை கேட்டால் லாக்-புக்கும் (இயந்திரத்தின் தினசரிப் பதிவேடு) வாடகை ரசீதும் வேண்டும். அதை ஏன் வேறு சைட்டுக்கு அனுப்பவில்லை என்ற கேள்விக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஷரத்து, நோட்டீஸ் தேதி, நாட்கள், தொகை, சான்று என்று ஒரு அட்டவணை போட்டால், எது நிற்கும், எது நிற்காது என்பது வழக்கறிஞருக்கே முதலில் தெரிந்துவிடும்.

இறுதி பில்லில் 'முழுத் தொகையும் பெற்றேன், வேறு கோரிக்கை இல்லை' என்று கையெழுத்திட்டவர் நெருக்கடியில் கையெழுத்திட்டதாகச் சொன்னால் மட்டும் போதாது. எதிர்ப்புக் கடிதம் உடனே போனதா என்று பார்ப்பார்கள். காலவரையறை விஷயத்திலும் இப்படித்தான். நினைவூட்டல் கடிதங்கள், வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடுவை நீட்டாது. கெடு முடியும் முன் கையெழுத்துடன் வந்த கடன் ஒப்புதலோ, எழுத்து ஆதாரமுள்ள பகுதித் தொகையோ நீட்டும். 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று காத்திருந்து இழந்த நியாயமான கோரிக்கைகள் ஏராளம்.

2015 வணிக நீதிமன்றங்கள் சட்டம் கட்டுமான ஒப்பந்தங்களை வணிகத் தகராறு என்றே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 2018 திருத்தத்துக்குப் பின் ரூ.3 லட்சம் மதிப்பிலிருந்தே அது பொருந்தும். இங்கே சாதாரண சிவில் வழக்கின் பழக்கங்கள் உதவாது. அவசர இடைக்கால நிவாரணம் தேவையில்லாத வழக்கில் 12-ஏ பிரிவின்படி முன்சமரசம் (வழக்குப் போடும் முன் சமரச முயற்சி) கட்டாயம். அதைத் தவிர்க்க ஒப்புக்குத் தடை மனு சேர்த்தால் நீதிமன்றம் கண்டுபிடித்து வழக்குரையை நிராகரிக்கலாம். சமரசத்தில் கழியும் காலம் காலவரையறையில் சேராது என்பதால் பயப்படவும் வேண்டாம். எதிர்வழக்குரைக்கு அழைப்பாணை சேர்ந்த நாளிலிருந்து 30 நாள், மிஞ்சிப்போனால் 120 நாள். அதற்கு மேல் நீட்டிக்க நீதிமன்றத்துக்கே அதிகாரமில்லை. ஒரு கோப்பு செயற்பொறியாளரிடமிருந்து மேலே போய்க் கருத்துப் பெற்றுத் திரும்புவதற்குள் அரசுத் தரப்பில் இந்தக் கெடு போய்விடும். துறை வழக்கறிஞர்கள் முதல் வாரத்திலேயே எம்-புக்கையும் கடிதக் கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும்.

சாதகமோ பாதகமோ, கையிலுள்ள தொடர்புடைய ஆவணங்கள் அனைத்தையும் வழக்குரையோடு தாக்கல் செய்து சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். சைட் உத்தரவுகள் இப்போது வாட்ஸ்அப்பில் வருகின்றன. இத்தகைய மின்னணு ஆவணங்களுக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் இரண்டு பகுதிகளாகத் தரப்பட வேண்டும். ஒன்று தாக்கல் செய்பவருடையது, மற்றது நிபுணருடையது. சைட் பொறியாளர் வேலையை விட்டுப் போகும்போது அவர் பயன்படுத்திய கம்பெனி போனை அழித்து அடுத்தவரிடம் கொடுத்துவிட்டால் இந்தச் சான்று கைவிட்டுப் போகும்.

சட்டக் கல்லூரிகளிடம் எங்கள் வேண்டுகோள் எளிமையானது. ஒப்பந்தச் சட்டப் பாடத்தோடு, முடிந்துபோன ஒரு வேலையின் ஒப்பந்தம், எம்-புக், தடைப் பதிவேடு, கடிதக் கோப்பு ஆகியவற்றைப் பெயர்களை நீக்கிவிட்டு மாணவர்களிடம் கொடுத்து, ஒரு கோரிக்கை அட்டவணை தயாரிக்கச் சொல்லுங்கள். அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் சிவில் துறை ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பு எடுத்தால் வரைபடமும் பணி அட்டவணையும் படிக்க வந்துவிடும். சீனியர்கள் ஜூனியர்களை வாய்தா வாங்க மட்டும் அனுப்பாமல், சைட்டுக்கும் கட்சிக்காரரின் பில்லிங் பிரிவுக்கும் அனுப்பலாம். அடுத்த கல்வியாண்டிலேயே ஏதாவது ஒரு கல்லூரி இதைத் தொடங்கினால், கோப்புகளைத் தேர்ந்தெடுத்துத் தரவும் வகுப்பெடுக்கவும் எங்களைப் போன்றோர் வருவோம்.

இப்படிக்கு,
கட்டுமான, வணிக வழக்குகளில் பணியாற்றும் வழக்கறிஞர்கள்