ஐயா நடத்திய ஓகாரம்

அன்பு நண்பனுக்கு,

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை போன வியாழக்கிழமை கைக்கு வந்தது. மஞ்சள் தடவிய மூலையைப் பார்த்ததும், உன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிப்பூரத் தேர் காட்டிய நாள் கண்முன் வந்து நின்றது. அவளுக்கா கல்யாணம்! மனசு நிறைந்துவிட்டது.

அதே வாரத்தில்தான் நம் தமிழையா போனார். போனில் உன்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் என்னால் பேச முடியவில்லை. உன்னாலும் வர முடியாமல் போயிற்று. அதனால் படத்திறப்பு அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன். அதோடு, நாலு நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தையும்.

பழைய மாணவர்கள் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஐயா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. படத்துக்கு மாலை போட்டதும் ஒலிபெருக்கியில் ‘நிற்பதுவே நடப்பதுவே’ பாட்டைப் போட்டார்கள். 2000இல் வந்த ‘பாரதி’ படத்தில் இளையராஜா இசையில் ஹரிஷ் ராகவேந்திரா பாடியது. அந்தக் குரல் எழும்பியதும் பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. நானும் அழுதேன். பாட்டு முடிந்ததும் பேசியவர், “எல்லாம் சொற்பனம், தோற்ற மயக்கம் என்று பாரதியே பாடிவிட்டார். ஐயாவும் அந்தக் கனவில் வந்து போனவர்தான்” என்றார். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான்.

இரவு தூக்கம் வரவில்லை. ஐயா எனக்குப் பரிசாகக் கொடுத்த பாரதியார் கவிதைகளை எடுத்து அந்தப் பாட்டைத் தேடினேன். ‘உலகத்தை நோக்கி வினவுதல்’ என்று தலைப்பு. வினவுதல் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். இத்தனை வருடம் இந்தப் பாட்டைக் கேட்டும் இது கேள்வி என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

“நீங்களெல்லாம் சொற்பனந்தானோ? பல தோற்ற மயக்கங்களோ?” “கானலின் நீரோ? வெறும் காட்சிப் பிழைதானோ?” “நானும் ஓர் கனவோ? இந்த ஞாலமும் பொய்தானோ?” அடிக்கு அடி ஓகாரம், சொல்லின் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டு கேட்கிற அந்த ‘ஓ’. எங்கேயும் ‘சொற்பனம்தான்’ என்றோ ‘பொய்தான்’ என்றோ இல்லை. அந்த மெட்டில் இருக்கும் ஏக்கத்தில் கேள்விக்குறி நம் காதில் விழுவதில்லை. கேள்வியையே பதிலாக எடுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டிருக்கிறோம்.

நன்னூல் இலக்கண வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? “ஒழியிசை வினாச் சிறப்பு எதிர்மறை தெரிநிலை” என்று ஐயா மேசையில் தாளம் தட்டி, ஓகாரத்துக்கு எட்டுப் பொருள் என்று நடத்தினாரே! “நானோ திருடினேன்?” என்று ஒருவன் கேட்டால் அவன் சந்தேகம் கேட்கவில்லை, திருடவில்லை என்று சொல்கிறான், அதுதான் எதிர்மறை ஓகாரம் என்பார். அந்த இரவில் அந்த வகுப்புதான் எனக்குக் கை கொடுத்தது. பாட்டின் முற்பகுதியில் வருவது வினா ஓகாரம். மனிதன் உண்மையாகவே தடுமாறிக் கேட்கிறான். போகப்போக ஓகாரத்தின் பொருள் மாறிவிடுகிறது. “சோலையிலே மரங்களெல்லாம் தோன்றுவதோர் விதையிலென்றால், சோலை பொய்யாமோ?” இங்கே ‘பொய்யாமோ’ என்றால் பொய் ஆகாது என்றுதான் அர்த்தம். ஒரு விதைக்குள் அடங்கியது என்பதற்காகத் தோப்பையே பொய் என்று சொல்லிவிட முடியுமா?

அப்புறம் வருகிறது பார், “காண்பவெல்லாம் மறையுமென்றால் மறைந்ததெல்லாம் காண்பமன்றோ?” இந்த ஒரு அடியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. கண்டது மறையுமானால் மறைந்ததும் காணக் கிடைக்கும். கடைசியில் கேள்வி எல்லாம் ஓய்ந்துபோய், “காண்பதுவே உறுதி கண்டோம், காண்பதல்லால் உறுதியில்லை; காண்பது சக்தியாம், இந்தக் காட்சி நித்தியமாம்” என்று முடிக்கிறார். அந்த முடிவில் ஓகாரமே இல்லை. உலகம் மாயை என்று சொல்லும் பாட்டாக நாம் கேட்டு வந்தது, அந்தப் பேச்சை நிறுத்தி வைத்துக் குறுக்கு விசாரணை செய்து தள்ளிவிடும் பாட்டு.

பாரதியின் மற்றப் பாட்டுகளை நினைத்தாலே இது தெரிந்திருக்க வேண்டும். ‘மாயையைப் பழித்தல்’ என்றே தனியாக ஒரு பாட்டு எழுதியவர். “உண்மை அறிந்தவர் உன்னைக் கணிப்பாரோ மாயையே” என்று அதட்டுகிறார். காணி நிலம் கேட்கும்போது பத்துப் பன்னிரண்டு தென்னைமரம் பக்கத்திலே வேணும், முத்துச் சுடர்போல நிலாவொளி முன்பு வரவேணும், குயிலோசை காதில் பட வேணும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கப் பார்த்தவர். தென்னையை எண்ணிக் கேட்கிறவருக்கு உலகம் எப்படிப் பொய்யாகும்?

ஐயாவும் அப்படித்தான். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் முருங்கைக்கும் செம்பருத்திக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நம்மோடு பேசியவர். அவரை வந்து போன கனவு என்று சொன்னபோது நான் எழுந்து, “கடைசி அடியையும் படியுங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கே தெரியாது. அது ஒரு பாரமாக இருக்கிறது. அந்தப் பாட்டு அந்தப் பந்தலுக்குப் பொருத்தமான பாட்டுத்தான். ஆனால் நாங்கள் நினைத்து அழுத காரணத்துக்காக இல்லை.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். மாலை மாற்றும்போது ‘வாரணமாயிரம்’ பாட வேண்டும் என்று உன் மகள் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தாய். மிக நல்லது. நம் ஊரில் பிறந்த ஆண்டாளின் பாட்டு. இதையும் நாம் முழுசாகக் கேட்பதில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆயிரம் யானை சூழ நாரண நம்பி நடந்து வருகிறான், மத்தளம் கொட்டுகிறது, மதுசூதன் வந்து கைத்தலம் பற்றுகிறான். கேட்கிறவர்களுக்கு அங்கே ஒரு கல்யாணம் நடக்கிறது. ஆனால் பத்துப் பாசுரமும் “கனாக் கண்டேன் தோழீ நான்” என்றுதான் முடிகிறது. அந்த யானையும் பொற்குடமும் தோரணமும் ஒரு பெண் தூக்கத்தில் கண்டு, விழித்தபின் தோழியிடம் சொன்னவை.

நாச்சியார் திருமொழியில் இது ஆறாவது. அடுத்த பதிகத்தைப் பார். “கருப்பூரம் நாறுமோ? கமலப்பூ நாறுமோ? திருப்பவளச் செவ்வாய்தான் தித்தித்திருக்குமோ?” என்று கண்ணன் கையிலிருக்கும் வெண்சங்கைக் கேட்கிறாள். கைத்தலம் பற்றியது நிஜமென்றால் சங்கிடம் எதற்குக் கேட்க வேண்டும்? இது எதிர்மறை ஓகாரம் இல்லை. தெரியாமல், தெரிந்துகொள்ளத் தவித்துக் கேட்கிற சுத்தமான வினா. அதற்கடுத்து மேகங்களைத் தூது விடுகிறாள். இரண்டு பதிகத்தையும் சேர்த்துப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கல்யாண வீட்டில் பாடக்கூடாது என்று சொல்லவில்லை. பதினொன்றாம் பாசுரம், இதை ஓத வல்லவர் நன்மக்களைப் பெற்று மகிழ்வர் என்று வாழ்த்தித்தான் முடிகிறது. ஆனால் உன் மகளிடம் அது கனவு என்று சொல்லிவை. அவள் விழித்துக்கொண்டே பெறப்போவதை, அந்தப் பெண் கனவில் கண்டு பாடினாள் என்று தெரிந்து கேட்கட்டும்.

இன்னொன்று. வரவேற்பில் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டை மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துப் பாடும் காதல் பாட்டாகப் பாடுவார்கள். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பாரதியின் கண்ணன் பாட்டில் அதன் தலைப்பு ‘கண்ணம்மா – என் குழந்தை’. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு என்று புத்தகத்திலேயே குறிப்பு இருக்கிறது. “உன் கண்ணில் நீர் வழிந்தால் என் நெஞ்சில் உதிரம் கொட்டுதடி” என்பது பெற்றவன் சொல். அதனால் அன்று மேடையில் அதைப் பாட வேண்டியவன் நீதான். உன் குரல் இப்போதும் நன்றாகத்தான் இருக்கும். தயங்காதே.

இரண்டு நாள் முன்பே வந்துவிடுகிறேன். பந்தல் வேலை, சமையல்காரர், யாரை எதற்கு அனுப்புவது எல்லாம் என்னிடம் விடு. உன் அலமாரியில் அந்தப் பழைய நன்னூல் நோட்டு இருந்தால் எடுத்து வை. ஓகாரத்துக்கு ஐயா சொன்ன எட்டு உதாரணத்தில் எனக்கு மூன்றுதான் நினைவிருக்கிறது. மீதி ஐந்தும் உன் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சு நண்பன்