கடைசி ஐந்து கிலோமீட்டரைக் கால்களுக்கு விட்டுவையுங்கள்

கரையோரச் சாலைகளுக்கும் சுற்றுலாக் கட்டுமானங்களுக்கும் ஒப்புதல் அளிக்கும் பொறுப்பில் உள்ள அனைவருக்கும்,

வணக்கம்.

ஆள் நடமாட்டம் குறைந்த பாறைக்கரை ஒன்றின் வரைபடம் உங்கள் மேசைக்கு வரும்போது, பெரும்பாலும் மூன்று கோரிக்கைகள் அதனுடன் சேர்ந்தே வருகின்றன: முனை வரை தார்ச்சாலை, ஓங்கலின், அதாவது கடலோரச் செங்குத்துப் பாறையின், விளிம்பில் பார்வைமேடை, இரவிலும் எரியும் விளக்குகள். இவற்றைக் கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. அழகான ஓர் இடத்தை நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறார்கள். அந்த அழகு எதனால் ஆனது என்பதைக் கையெழுத்துக்கு முன்பு ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

பல ஆண்டுகளுக்கு முன்பு அப்படிப்பட்ட ஒரு முனைக்கு நடந்தே சென்றேன். கடல் கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே அதன் ஓசை வந்துவிட்டது. இன்னும் நெருங்கியபோது, அடியில் இருந்த குகைக்குள் அலை புகுந்து மோதும் ஒவ்வொரு முறையும் காலடியில் பாறை மெல்ல அதிர்வதை உணர முடிந்தது. கடல்நீர் வடிந்திருக்கும் வற்றத்தின்போது கீழே இறங்கி நின்று நிமிர்ந்து பார்த்தால், பாறை முழுவதும் பட்டை பட்டையாக நிறம் மாறியிருந்தது. அடியில் பழுப்பு நிறக் கடற்பாசி. அதற்கு மேல் கொட்டலசு என்னும் சிறு ஓட்டுயிர்கள் ஒட்டிய வெள்ளை. அதற்கும் மேல், எண்ணெய் கசிந்து படிந்துவிட்டதோ என்று ஐயுற வைக்கும் கன்னங்கரிய பட்டை ஒன்று; அது உண்மையில் லைக்கன், பூஞ்சையும் பாசியும் ஒன்றாய்க் கூடி வாழும் உயிர். அலையின் தெறிப்பு மட்டும் எட்டும் உயரத்தில் ஆரஞ்சு நிற லைக்கன், அதற்கு மேல் சாம்பல் நிறம். கடல்நீர் எவ்வளவு உயரம் வரை, எவ்வளவு நேரம் பாறையைத் தொடுகிறது என்பதை அந்த நிறங்களே சொல்லிவிடுகின்றன.

என் முகத்துக்கு நேராக, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய கூம்பு வடிவ ஓடு ஒன்று பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடந்தது. லிம்பெட் என்று அதற்குப் பெயர். நீர் ஏறும்போது பாசியைச் சுரண்டித் தின்னப் புறப்படும் இச்சிற்றுயிர்களில் பல, நீர் வடிவதற்குள் தான் கிளம்பிய அதே இடத்துக்குத் திரும்பி வந்து பொருந்திக்கொள்கின்றன. ஓட்டின் விளிம்பும் பாறையின் மேடுபள்ளமும் இழை பிசகாமல் சேரும் அளவுக்கு அந்த இடம் தேய்ந்திருக்கும். உயிர்கள் உருவாக்கும் பொருள்களில் அதுவரை அறியப்பட்டவற்றுள் மிக வலுவானவை இதன் பற்களே என்று 2015-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தார்ச்சாலையின் முடிவில் வண்டியை நிறுத்தி, மேடையில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புகிறவருக்கு இதில் எதுவும் தென்படாது. அதே முனைக்குப் பின்னொரு முறை சென்றபோது மேடை வந்துவிட்டிருந்தது. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். காலடியில் இருந்த கான்கிரீட்டில் அந்த அதிர்வை என்னால் உணரவே முடியவில்லை.

கரைகளைக் காப்பாற்ற எப்போதும் பெரிய செலவு தேவைப்படுவதில்லை. சில வேளைகளில் சாலை விலகிப் போனாலே போதும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ‘தொலைந்த கரை’ என்று அழைக்கப்படும் பகுதி இதற்குச் சான்று. கடலோரமாகவே வரும் முதலாம் எண் நெடுஞ்சாலை அங்கே கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது, ஏனெனில் மலைகள் கடலுக்குள் சரேலென இறங்கும் அந்த நிலத்தில் சாலை வெட்டுவது அவ்வளவு கடினம். கிங் சிகரம் கடலிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்குள் 1,246 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. 1970-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இந்தக் கரையைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. இதன் வடபகுதியில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளும் கடலோர நடைபாதையில், நீர் ஏறும் நேரத்தில் கடக்கவே முடியாத நீண்ட பகுதிகள் உண்டு. ஆகவே அங்கு நடப்பவர்கள் கடல்நீர் ஏறி வடியும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். எப்போது நடக்கலாம் என்பதைக் கடலிடம் கேட்டு நடப்பது அது. அந்தக் கரையின் அழகில் பாதி இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். பாறைக்கரை நிலையான பொருள் அன்று. அலை ஓங்கலின் அடியைக் குடைகிறது, குடைவு குகையாகிறது, முனையின் இரு பக்கமும் குடைந்த குகைகள் சந்தித்தால் வளைவாகிறது, வளைவின் கூரை விழுந்தால் கடலில் தனித்தூண் நிற்கிறது, ஒரு நாள் தூணும் விழுகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கரையில் ‘லண்டன் பாலம்’ என்று பெயர் பெற்றிருந்த இரட்டை வளைவின் ஒரு பகுதி 1990 ஜனவரி 15 அன்று இடிந்து விழுந்தது. அந்நேரம் கடல் பக்கம் நின்றிருந்த இருவரை ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது. அதே கரையில் ‘பன்னிரு அப்போஸ்தலர்கள்’ எனப்படும் தூண்களில் ஒன்று 2005 ஜூலையில் சரிந்தது. மால்டா நாட்டின் கோசோ தீவில் உலகமே படம் எடுத்துக்கொண்டிருந்த ‘நீலச் சாளரம்’ என்னும் வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் சுவடின்றிக் கடலுக்குள் போனது. இவற்றை இழப்பு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வளைவுகளைச் செதுக்கிய கடலேதான் அவற்றை வீழ்த்தவும் செய்தது. இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும் விளிம்பின்மீது நகராத ஒரு மேடையைக் கட்டினால், அடுத்து அந்த மேடையைக் காக்கத் தடுப்புச்சுவர் கேட்டுக் கோப்பு வரும். சுவர் எழுந்ததும் பாறை தேய்வது நின்றுவிடும். பாறை தேய்ந்து உதிர்ந்த மண்ணும் கல்லும் அலையோடு சேர்ந்து பக்கத்து வளைகுடாவின் கடற்கரைக்குத் தீனியாகப் போய்க்கொண்டிருந்தன அல்லவா? அதுவும் நின்று, அந்த மணற்கரை மெலியத் தொடங்கும்.

விளக்குகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஐஸ்லாந்தின் வெஸ்ட்மன் தீவுகளில், வளைகளிலிருந்து முதன்முறையாகப் பறந்து வெளியேறும் பஃபின் என்னும் கடற்பறவையின் குஞ்சுகள் ஊர் விளக்குகளால் திசை குழம்பித் தெருக்களில் வந்து விழுகின்றன. அங்குள்ள சிறுவர்கள் அவற்றை அட்டைப்பெட்டிகளில் எடுத்துச் சென்று கடலில் விடுகிறார்கள். குழந்தைகள் காவல் நிற்காத கரைகளில் அவற்றின் கதி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். கில்லெமோட் என்னும் கடற்பறவையின் குஞ்சு, பிறந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில், பறக்கத் தெரியாத நிலையிலேயே அந்திப்பொழுதில் ஓங்கலின் பாறைத்திட்டிலிருந்து கடலுக்குக் குதிக்கிறது. கீழே தந்தைப் பறவை நீரில் காத்திருந்து அழைக்கிறது. அந்த அந்தியில் முனையின்மீது மின்விளக்கு எரியக் கூடாது.

நடக்க இயலாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் கடல் வேண்டாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, என் மனத்தையும் உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி. ஏற்கெனவே சாலை சென்று சேரும் கரைகள் எத்தனையோ உள்ளன. அங்கே சக்கர நாற்காலி தங்குதடையின்றிச் செல்லும் தளங்களை, விளிம்பிலிருந்து நன்றாக உள்வாங்கி, செம்மையாக அமையுங்கள். இன்று பல இடங்களில் அதற்கான நிதிதான் புதிய முனைகளுக்குச் சாலை போடுவதில் கரைந்துவிடுகிறது. சாலையே எட்டாத முனைகள் மிகச் சில. அவற்றில் கடைசி ஐந்து கிலோமீட்டரையாவது ஒற்றையடிப் பாதையாக விட்டுவையுங்கள். பாதுகாப்புக்காகச் செலவிட விரும்பினால், பாதை தொடங்கும் இடத்தில் அன்றன்றைய ஏற்றவற்ற நேரங்களை எழுதிவைக்கும் பலகை ஒன்றையும், அதை நாள்தோறும் மாற்றி எழுத ஓர் ஆளையும் நியமியுங்கள். ஆட்டம் கண்ட பாறையில் நட்ட கம்பித்தடுப்பு, அது தாங்கும் என்று நம்பிச் சாய்கிறவருக்கே ஆபத்து.

கோப்பில் கையெழுத்திடுவதற்கு முன்பு, ஒரே ஒரு நாள், முழு வற்றம் தொடங்கி முழு ஏற்றம் முடியும் வரை ஏறத்தாழ ஆறு மணி நேரம், அந்தக் கரைக்கு நடந்து வந்து இருந்து பாருங்கள். வரைபடத்தையும் உடன் எடுத்து வாருங்கள். சாலை எங்கே நிற்க வேண்டும் என்று அங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பாறைக்கரைகளில் நடப்பவர்களில் ஒருவன்