மெத்தென்று இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

பைக்கில் வந்த சீட்டைக் கழற்றிவிட்டு வேறு சீட் போடுகிறவர்களில் பலர் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்தால் உடனே வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். முதல் பத்து நிமிடம் சொகுசு, ஒரு மணி நேரத்தில் ஃபோம் நசுங்கி, உட்காரும் எலும்புகள் இரண்டும் அடியில் இருக்கும் தகட்டிலேயே இடிப்பது போல் ஆகிவிட்டது. அடர்த்தி அதிகமான, கொஞ்சம் கெட்டியான ஃபோம்தான் நெடுந்தூரத்துக்குத் தாங்கும். சீட் பின்பக்கம் அகலமாக இருந்தால் எடை பரவி வலி குறையும், ஆனால் முன்பக்கமும் அகலமாகிவிட்டால் தொடை விரிந்து கால் தரையில் சரியாக ஊன்றாது, உயரம் குறைந்தவர்களுக்கு சிக்னலில் நிற்பதே பெரும்பாடு.

ஃபோமோடு கூழ் போன்ற ஜெல் வைத்த சீட் நல்லதுதான், வெயிலில் நிறுத்தினால் மட்டும் சுடும்.

பின்னால் உட்காருகிறவரை யாரும் கேட்பதே இல்லை! அவர் இடம் முன்னோக்கிச் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் வழுக்கி வந்து ஓட்டுபவர் முதுகில் மோதுவார், ரொம்ப உயரமாக இருந்தால் காற்று முழுக்க அவர் முகத்தில்தான், அதற்கு மேல் உறையும் வழவழப்பாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிடித்துக்கொள்ளும் கம்பியைப் புதுச் சீட் மறைக்கிறதா, சீட் பூட்டு சரியாக விழுகிறதா என்றும் பாருங்கள். உறையின் தையல் உட்காரும் இடத்தில் வந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி ஃபோம் ஊறிவிடும், அப்புறம் இரண்டு நாளைக்கு ஈரம்தான்.

விற்கிறவர்களுக்கு ஒன்று: இருவரையும் உட்காரவைத்து அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்