மவுண்ட் வெர்னன் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போகிறாய் என்றதில் மகிழ்ச்சி. மாளிகைக்குள் போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும்; முன்கூட்டியே எடுத்துவிடு. வாசலிலிருந்து வீட்டுக்குக் கொஞ்சம் நடக்கணும், அரை மணி முன்னதாகவே போய்ச் சேர். ஹீல்ஸ் செருப்பு வேண்டாம். உடம்பின் பாரமெல்லாம் அந்தச் சின்ன முனையில் இறங்கினால் பழைய பலகைத் தரையில் குழி விழும்.

தூரத்தில் பார்த்தால் கல் வீடு. கிட்டே போனால் எல்லாம் பைன் பலகை! ஓரங்களைச் சரிவாகச் சீவி, கல் அடுக்கியதுபோல் காட்டி, பெயிண்ட் காய்வதற்குள் மணலை வீசியிருக்கிறார்கள். வெயில் சாய்வாக விழும்போது மணற்பரல் தனித்தனியாகத் தெரியும். தொடாதே, பல கைகள் பட்டுப் பட்டு உதிர்ந்துவிடும்.

உள்ளே வெளிச்சம் மங்கலாக இருக்கும்; துணியும் சுவர்த்தாளும் வெளுக்காமலிருக்கத்தான். நடுக்கூடத்துச் சுவரில், பிரெஞ்சுப் புரட்சியில் மக்கள் கைப்பற்றிய பாரிஸின் பாஸ்தில் சிறையின் சாவி; வாஷிங்டனின் பிரெஞ்சு நண்பர், தளபதி லஃபாயெத் 1790இல் அவருக்கு அனுப்பியது. வரிசையோடு நகரும்போது தவறவிட்டுவிடாதே.

அதிக நேரத்தைத் தோட்டத்துக்கு வை. ஆற்றுப் பக்கப் புல்வெளியில் வேலியே கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தில் நிலத்தை வெட்டி இறக்கி, வீட்டை ஒட்டிய பக்கம் மட்டும் செங்குத்தாகச் சுவர் வைத்திருக்கிறார்கள். மறுபக்கம் வெறும் சரிவு. மாடு சரிவில் இறங்கி வரும், சுவரில் ஏற முடியாமல் நின்றுவிடும்; வீட்டிலிருப்பவர் பார்வைக்குத் தடையே இல்லை. இதற்கு 'ஹா-ஹா' என்று பெயர். விளிம்பு சட்டென்று தெரியாது, குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்.

மேல் தோட்டத்தில் 1787இல் கட்டி முடித்த பசுமைக்குடில் 1835இல் எரிந்துபோனது. இப்போதிருப்பது 1951இல் திரும்பக் கட்டியது. தெற்கு பார்த்த உயரமான ஜன்னல்கள் வெயிலை வாங்கும். பனிக்காலத்தில் பின்னால் அடுப்பெரித்து, சூட்டைத் தரைக்கடியில் ஓடவிட்டு ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் காப்பாற்றினார்கள். அந்த உழைப்பு அடிமைப்படுத்தப்பட்டவர்களுடையது. கட்டடத்தின் இரு பக்கமும் நீளும் அறைகளில்தான் அவர்களில் பலர் தங்கினார்கள்; அங்கேயும் நுழைந்து பார். 1799இல் அந்தப் பண்ணையில் இப்படி அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்கள் 317 பேர். தோட்டத்தின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாகும்.

வாஷிங்டன் கல்லறையோடு பலர் திரும்பிவிடுவார்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்களைப் புதைத்த இடம் பக்கத்திலேயே, மரங்களுக்கு நடுவில் இருக்கிறது; 1983இல் எழுப்பிய நினைவுச்சின்னம் அடையாளம். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். தண்ணீரைக் காலி செய்துவிடாமல் வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா