எங்கள் அப்பாவுக்காக வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

இணுவிலில், காங்கேசன்துறை வீதியோரம் நெடுங்காலம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த எங்கள் அப்பா தமது 91ஆவது வயதில் காலமானார். கீரிமலையில் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்துவிட்டன. துணை நின்ற ஒவ்வொருவர் வீட்டுப் படலைக்கும் வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. எல்லா இடமும் வர முடியாததால் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோருமாக இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி, இடுப்பெலும்பு முறிந்து அப்பா படுத்திருந்தபோது அவரைப் பார்த்த யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் சிற்றூழியர்களுக்கும். கடைசி நாட்களில் யார் ஊட்டினாலும் சாப்பிட மறுத்தவர், இரவுக் கடமையில் நின்ற ஒரு தாதி கேட்டால் மட்டும் வாய் திறந்தார். அந்தப் பிள்ளையின் முதல் பள்ளிக்கூடச் சைக்கிளைப் பூட்டிக் கொடுத்தவர் அப்பாவாம். அதை அவர் நினைவில் வைத்திருந்தார். சைக்கிளின் நிறத்தையும் சேர்த்துச் சொன்னார்.

எட்டுச்செலவுச் சடங்கு வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் ஒழுங்கை முழுவதும் எங்களுக்காகச் சமைத்தது. பந்தல் போட்ட பெடியன்கள், சிவபுராணம் பாடிய பெரியவர்கள், கிரியை செய்த ஐயா, கனடாவிலும் நோர்வேயிலும் இருந்து நேரம் பார்க்காமல் எடுத்துக் கதைத்த உறவுகள் எல்லோருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

வந்தவர்கள் சொன்ன கதைகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அப்பா தன்னைப் பற்றி அதிகம் பேசாதவர். அவர் செய்ததில் பாதியை நாங்கள் செத்தவீட்டில்தான் அறிந்தோம்.

1990இல் போரால் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றறியும் தடைப் பொருட்களாயின. மண்ணெண்ணெயை ஜாம் போத்தல் விளக்கில் துளித்துளியாக எரித்த காலம் அது. ஊரே சைக்கிளில் ஓடியது. மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி மூட்டையும், கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளையும், ஆஸ்பத்திரிக்கு நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். புது ரயர் கிடைக்காது. அப்பா கிழிந்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓட விடுவார். பத்து ஒட்டுப் போட்ட ரியூப்பில் பதினோராவதுக்கும் இடம் கண்டுபிடிப்பார். வளைந்த சில்லைக் கவட்டில் சுழல விட்டு, காதைக் கொடுத்துக் கேட்டு, கம்பி கம்பியாக இறுக்கி நேராக்குவார். ஹம்பர், றலி என்று பழைய சைக்கிள்கள் அந்த வருடங்களைத் தாண்டியதில் அவர் கைக்கும் பங்கு உண்டு.

இரவில் எங்கள் முற்றம் நிறைந்துவிடும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்றுவார். டைனமோ தருவது 6 வோல்ட். நான்கு பற்றறி போடுகிற றேடியோவுக்கும் அதே அளவுதான் வேண்டும். ஆனால் டைனமோவில் வருவது மாறுமின்னோட்டம் என்பதால் நடுவில் டயோட்டு வைத்து நேராக்க வேண்டும். இதை யாரிடமோ கேட்டுப் பழகி, அயலில் பல வீடுகளுக்கு அப்பா காசு வாங்காமல் பொருத்திக் கொடுத்தாராம். பிபிசி தமிழோசை கேட்கச் சுற்றிய கைகளில் சில இப்போது நரைத்த தலையோடு வந்து அவர் காலடியில் நின்றன.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து செம்மணி வழியாக, நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை வேறு. அப்பா கரியரில் அப்பாச்சியை இருத்தி, பாரில் சைக்கிள் திருத்தும் ஆயுதப் பெட்டியைக் கட்டி உருட்டினார். வேறு சாமான் ஒன்றும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு அப்போது அதில் மனத்தாங்கல். கைதடியில் ஒரு மரத்தடியில் அந்தப் பெட்டியைத் திறந்த பிறகுதான் எங்களுக்குச் சோறு வந்தது. அங்கே அப்பாவிடம் ஒட்டுப் போட்டவர்களில் ஒரு அம்மா செத்தவீட்டுக்கு முல்லைத்தீவிலிருந்து வந்திருந்தார். அன்று அவரிடம் காசு வாங்கவில்லையாம். அம்மா, நீங்கள் வந்த தூரத்துக்கு எங்களால் எந்தக் கைமாறும் செய்ய முடியாது.

1996இல் திரும்பி வந்தபோது கடையில் கதவு கூட இல்லை. அதே இடத்தில் சாக்கை விரித்து மறுநாளே இருந்தார்.

வீட்டில் அவர் எப்படி என்று கேட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். அம்மா பாரிசவாதத்தில் விழுந்த பிறகு, மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டு வந்து, கிறீஸ் போகச் சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, அம்மாவுக்குத் தலை இழுத்து, சோறு குழைத்து ஊட்டுவார். அம்மா போகும் வரை அந்த வேலையை எங்கள் ஒருவரிடமும் விடவில்லை. பெண்பிள்ளைகள் எங்களுக்கும் ஒட்டுப் போடவும் செயின் கழற்றிப் பூட்டவும் பழக்கினார். நடு வீதியில் காற்றுப் போனால் ஒருவரையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பார். ஊரில் அப்போது அது பெரிய கதை. அவர் அதைக் காதிலேயே போடவில்லை. எங்களுக்கு அவரில் மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அப்பாவுக்குத் தர வேண்டிய பழைய காசு என்று பலர் கொண்டு வருகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அவருடைய கடன் கொப்பியைத் தேடிப் பார்த்தோம். எழுதியிருந்தது எல்லாம் அவர் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியவை மட்டும்தான். அவற்றுக்கு நேரே தீர்ந்ததென்று கோடும் போட்டிருக்கிறார். உங்களிடமிருந்து வர வேண்டியதை அவர் எழுதி வைக்கவே இல்லை. ஏற்கெனவே தந்துவிட்டுப் போனவர்களின் பணத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தூரத்திலிருந்து நடந்து வரும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்குகிறோம்.

ஆயுதப் பெட்டியை அப்பாவிடம் தொழில் பழகிய தம்பியிடமே கொடுத்துவிட்டோம். அவர் அதே இடத்தில் கடையைத் திறந்துவிட்டார். அப்பா படுக்கையில் விழுவதற்கு முன் திருத்த எடுத்த சில சைக்கிள்கள் அங்கே நிற்கின்றன. வேலை முடிந்துவிட்டது. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு தர வேண்டாம்.

இங்ஙனம்,
குடும்பத்தினர்,
இணுவில்.