ஜாடியைத் திருப்பி அனுப்பு, கண்ணு

போத்தனூர்,
கோயம்புத்தூர்

அன்புள்ள செந்திலுக்கு,

ஊர் வந்து சேர்ந்து நாலு நாளாச்சு. சேரன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைத்ததால் முழங்கால் பிழைத்தது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்பாய். தபால் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தினவள் பெத்த பிள்ளைக்கு ஒன்று எழுதக் கூடாதா?

சென்னையில் உன் வீட்டில் இருந்தபோது ஒருநாள் காலை ஆறரைக்கு நானே குப்பைப் பையை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். பையிலிருந்து சொட்டின தண்ணி லிஃப்ட் தரையில் கோடு போட்டது. கீழே பார்க்கிங் ஓரத்தில் குப்பை எடுக்க வருகிற பொண்ணு ஒவ்வொரு பையாகக் கிழித்துக் கொட்டி, வெறுங்கையால் பிரித்துக்கொண்டிருந்தாள். உன் வயசுதான் இருக்கும். நம் பையிலிருந்து விழுந்ததையெல்லாம் நின்று பார்த்தேன். முந்தின ராத்திரி வாங்கின பிரியாணி டப்பா, அதில் ஒட்டின எலும்பு, வாய் கட்டின சாம்பார் கவர், பாப்பாவின் டயப்பர், கடைசியில் கவிதா கை தவறி உடைத்த கண்ணாடி டம்ளர். அதைப் பெருக்கி அப்படியே பையில் போட்டது நான்தான். அவள் விரலை உதறிப் பார்த்துவிட்டு, "பேப்பர்ல சுத்திப் போடுங்கம்மா" என்றாள். திட்டியிருந்தாலும் தேவலை.

குப்பையைப் பிரித்துப் போடலாமென்று அன்றைக்கே உன்னிடம் பேச்செடுத்தேன். "நாம ஒரு வீடு மாறி என்னம்மா ஆகப்போகுது" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாய். ஊர் மாறுமா என்பது எனக்குத் தெரியாது கண்ணு. அந்தப் பொண்ணு கையில் மறுநாள் காலை என்ன படப்போகிறது என்பது நம் வீட்டுச் சமையல் மேடையில்தானே முடிவாகிறது?

உன் பால்கனியில் நின்றால், காற்று திரும்புகிற நேரத்தில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் வாடை வருகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை 2022இல் ராம்சார் பட்டியலில், அதுதான் உலகளவில் காப்பாற்ற வேண்டிய ஈரநிலங்களின் பட்டியல், சேர்த்தார்கள். அதன் ஓரத்தில்தான் அத்தனை குப்பையும். அதே வருஷம் ஏப்ரலில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்தபோது ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு போனில் இருமினாயே, ஞாபகம் இருக்கா? எங்களுக்கு 2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு எரிந்தது. நாள்கணக்கில் புகை. மாடியில் காயப்போட்ட வத்தலிலும் அந்த வாடைதான். காய்த்தோலும் மிச்சச் சோறும் காற்றுப் படாமல் அடியில் அமுங்கிக் கிடந்தால் மீத்தேன் வாயு உண்டாகும். உன் தாத்தா தோட்டத்துச் சாண எரிவாயுத் தொட்டியிலும் இதே கதைதான். அங்கே வாயுவை அடுப்புக்குக் கொண்டுபோகக் குழாய் இருந்தது. கிடங்கில் அது வெயிலுக்கும் ஒரு பொறிக்கும் காத்துக் கிடக்கிறது.

அதனால் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். காய்த்தோல், மிச்சச் சோறு மாதிரி ஈரக் குப்பைக்கென்று தனியாக ஒரு எவர்சில்வர் டப்பா வை. ஈரம் சேராவிட்டால் மற்ற குப்பை நாறாது, புழுக்காது. பழைய பேப்பர்க்காரரும் முகம் சுளிக்காமல் எடைக்கு எடுத்துக்கொள்வார்.

அந்த ஈரத்தை உரமாக்கப் பழகினது பெரிய கூத்து. பழைய பெயிண்ட் வாளியில் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, மிச்ச ரசம் முதற்கொண்டு கிடைத்ததையெல்லாம் கொட்டினேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் புழு நெளிகிறது, நாற்றம் மாடிப்படி வரைக்கும். உங்கப்பா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. பக்கத்துத் தெரு நர்சரிக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். "சருகு எங்கீங்கம்மா?" என்றார். இப்போது ஒரு கை காய்த்தோல் போட்டால் மேலே ஒரு கை சருகோ தேங்காய் நார்த்தூளோ போடுகிறேன். எப்போதாவது கொஞ்சம் புளித்த மோர் தெளிப்பேன். மூணு நாளைக்கு ஒருக்கா குச்சியால் கிளறுவேன். குழம்போ ரசமோ உள்ளே போகக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் கூடிப்போச்சென்று அர்த்தம், இன்னும் சருகைப் போடு. மழை பெய்த மண் மாதிரி வாசம் வந்தால் பயப்படாதே. ரெண்டு மாசத்தில் கறுப்பாக உதிர்ந்து வரும். நீ ஆசைப்பட்டு எடுத்துப்போகிற கறிவேப்பிலை அதில் வளர்ந்ததுதான்.

ஒன்றுதான் என்றேன், கை நிற்க மாட்டேனென்கிறது. கோயம்பேட்டில் பத்து ரூபாய்க்கு மஞ்சப்பை தருகிற மெஷின் பக்கத்தில் நின்று போட்டோ அனுப்பினாயே, அந்தப் பை உன் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடந்தது. துவைத்து வண்டியின் முன் கொக்கியில் மாட்டியிருக்கிறேன், அங்கேயே இருக்கட்டும். புதுசாக வாங்காதே, கல்யாணத் தாம்பூலப் பையே என்னிடம் ஒரு மூட்டை இருக்கிறது. துணி மாதிரியே இருக்குமே ஜவுளிக்கடைப் பை, அது துணியென்று நினைக்காதே. ஓரத்தில் ஒரு இழையைக் கத்தரித்துத் தீக்குச்சியில் காட்டிப் பார். பருத்தி சாம்பலாகும், இது உருகி மணியாய்ச் சுருளும். பால் கவரின் மூலையைத் துண்டாக நறுக்காமல் ஒட்டினபடி விடு. அந்தத் துண்டு யார் கைக்கும் அகப்படாது. தெருமுனைக் கடையில் மாவு வாங்கத் தூக்குப்போசி கொண்டுபோனால் அந்த அம்மா ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறாள், நான் பார்த்தேன்.

டயப்பரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மாமியார் வந்து எண்ணிப் பார்த்தாள் என்றாகிவிடும். பகலிலாவது துணி கட்டலாம். துவைக்கப்போவது நீயென்றால் கவிதாவிடம் சொல், இல்லையென்றால் இந்த வரியை விட்டுவிட்டுப் படித்துக் காட்டு. டயப்பரையும் நாப்கினையும் பேப்பரில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் தனியாகக் கொடு.

அடுத்த வாரம் உன் சித்தப்பா சென்னை வருகிறார். ஓட்டை போட்ட வாளி ஒன்றும் ஒரு பை நார்த்தூளும் கொடுத்தனுப்புகிறேன். வரும்போது நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைக் கழுவி வெயிலில் காயவைத்து அவர் கையிலேயே கொடுத்துவிடு. மரத்தில் காய் முற்றிவிட்டது, போட்டு வைக்க வேறு ஜாடி இல்லை.

அன்புடன்,
அம்மா