கோடே இல்லாத இடத்தில் கோட்டைத் தாண்டினேனாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோவையில் கிரைண்டர் மெக்கானிக். மோட்டார் ரிவைண்டிங்கும் பார்ப்பேன். போன மாதம் என் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிக்கு 500 ரூபாய் அபராதம் என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. நால்ரோட்டுச் சிக்னலில் கோட்டுக்கு முன்னால் நிறுத்தாமல் தாண்டிப் போய் நின்றேனாம், அங்கிருக்கும் கேமரா பிடித்ததாம். இ-சலானைத் திறந்தால் படமும் போட்டிருந்தார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி என்னுடையதுதான். பின்னால் சாக்கு சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய கிரைண்டர் டிரம், இடது கால் தரையில். முன் சக்கரத்துக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போகிறது. அது சாலையில் இருக்கிற கோடு இல்லை, படத்தின் மேல் கம்ப்யூட்டர் போட்டது. அதற்குக் கீழே கறுகறுவென்று புதுத் தார், பொட்டு வெள்ளை கிடையாது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடியவர்கள் மேலே தார் போட்டதோடு போய்விட்டார்கள். பழைய கோடு அடியில் புதைந்துவிட்டது. கேமராவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எந்த இடத்தில் கோடு என்று ஒரு காலத்தில் அதற்குச் சொல்லிவைத்தார்களோ, அதையே வைத்து ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேமராவே வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. அந்த நால்ரோட்டில் கேமரா வருவதற்கு முன்னால் பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஹாரன் அடித்தே துரத்துவார்கள். இப்போது நிற்கிறார்கள். நானும் நின்றேன். சில விநாடி கழித்து எடுத்த இரண்டாவது படத்திலும் என் வண்டி அதே இடத்தில்தான் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 119-வது பிரிவு, ஓட்டுகிறவர் போக்குவரத்துக் குறிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறது. சரி, குறியே இல்லை என்றால் எதற்குக் கட்டுப்படுவது? கேமரா அபராதத்துக்காக 2021 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த 167ஏ விதியை என் மகள் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், கேமரா இருக்கிறது என்று பலகை வைக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. பலகை இருந்தது. நோட்டீசும் கெடுவுக்குள் வந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரோட்டில் கோடு இருக்கிறதா என்று ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு சலானை அனுப்பியிருக்கலாம் அல்லவா? அவர்கள் அனுப்பிய படத்திலேயே தெரிகிறதே.

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஐந்நூறு ரூபாய்தானே, கட்டித் தொலைங்கண்ணா." கட்டிவிடலாம்தான். ஆனால் கட்டினால் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. 177-வது பிரிவுப்படி முதல் தடவை 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500 வரை போகும். நானோ தினமும் அதே சிக்னலைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும்.

இந்த மாதிரி அபராதங்களை ஆன்லைனிலேயே பார்க்கும் மெய்நிகர் நீதிமன்ற இணையதளத்தில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று அபராதம் கட்டுவது, இன்னொன்று வழக்கை எதிர்கொள்வது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு வழக்கமான கோர்ட்டுக்குப் போய்விடும். நேரில் போய் நிற்க வேண்டும். எங்களை மாதிரி ஆட்களுக்கு அன்றைய வேலை போச்சு. மாவுக் கடைக்காரருக்குக் கிரைண்டர் நின்றுபோனால் "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்ல முடியுமா? அரிசி ஊறிக்கொண்டிருக்கும், அவர் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார். 500 ரூபாயைக் காப்பாற்ற அதற்கு மேல் இழக்க வேண்டும் என்பதால்தான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கட்டுகிறார்கள். கட்டுகிறவர்கள் எல்லோரும் தப்புச் செய்தவர்கள் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள் போல.

இருந்தாலும் நான் இரண்டாவதைத்தான் அழுத்தினேன். அன்று சாயங்காலமே போய் அந்த ரோட்டை நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வைத்தேன். நல்ல வேளை எடுத்தேன். அப்புறம் ஒரு ராத்திரி ஆட்கள் வந்து, பெயின்டை உருக்கி ஊற்றி, கண்ணாடித் துகள் தூவி, வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டார்கள். ராத்திரியில் வண்டி லைட் அடித்தால் மின்னுகிறது. இப்போது எந்த அதிகாரி வந்து பார்த்தாலும் கோடு இருக்கும், நான் சொல்வதுதான் பொய் மாதிரித் தெரியும்.

அதனால் நான் கேட்பது இதுதான். அந்த நால்ரோட்டில் தார் போட்டது எந்தத் தேதி, கோடு போட்டது எந்தத் தேதி என்று வேலை செய்தவர்களின் பில்லிலேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கோட்டைத் தாண்டியதாகப் போட்ட அபராதம் அத்தனையையும் ரத்து செய்ய வேண்டும். ஏற்கெனவே கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். டீக்கடையில் விசாரித்தால் இளநீர் வண்டிக்காரர், கூரியர் பையன் என்று ஆளுக்கொரு சலானைக் காட்டுகிறார்கள். இனிமேல் எங்கே ரோட்டைத் தோண்டினாலும், கோடு போட்டு முடிக்கும் வரை அங்கே அந்தக் குற்றத்துக்கு மட்டுமாவது கேமராவை நிறுத்தி வையுங்கள்.

என் வழக்கு அடுத்த மாதம் வருகிறது. படங்களை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுவிட்டேன். அந்த நாட்களில் அங்கே சலான் வாங்கி இன்னும் கட்டாமல் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், முதலில் சலானில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
சு. ப., கிரைண்டர் மெக்கானிக்,
கோவை.